ஊர் மேடைக்கு எந்த நாடகம்? வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் மற்றவையும்: ஓர் அலசல்

தைப் பொங்கல் முடிந்த கையோடு மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் விழாக் கமிட்டி கூட ஆரம்பித்துவிடும். பங்குனியிலா, சித்திரையிலா, வைகாசியிலா என்று நாள் குறித்ததும் அடுத்த பேச்சு நாடகம்தான். பல ஊர்களில் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "வழக்கம்போல வள்ளி திருமணம் போட்டுருவோம்" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் சரி என்பார்கள். ராஜபார்ட்டு என்கிற கதாநாயகன் யார், சிரிக்க வைக்கும் பபூன் யார், டான்ஸுக்கு யார் என்பதில் மீதி நேரம் போகும்.

வள்ளி திருமணத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. ஆனால் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த நாடகங்கள் இன்னும் எத்தனையோ இருக்க, வருடத்துக்கு வருடம் ஒன்றையே போடுவது நமக்கும் நட்டம், மற்ற நாடகங்களைப் பாடமாக வைத்திருக்கும் கலைஞர்களுக்கும் நட்டம். கேட்க ஆள் இல்லாத பாடம் மறந்து போகும். வரப்போகிற சீசனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த மேடை எப்படி நடக்கிறது என்பது மனதில் இருக்க வேண்டும். விடிய விடிய நடக்கும் இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள், இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட்டு ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட்டு வேறொரு ஊரிலிருந்து. ஆர்மோனியப் பின்பாட்டு, மிருதங்கம், பல தாள வாத்தியங்களை வாசிக்கும் ஆல்ரவுண்டு, பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக டேட் கேட்டு, தனித்தனியாகச் சம்பளம் பேசி அமர்த்த வேண்டும். ஒத்திகை இல்லை. நாடகத்தன்று இரவு கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் பல நேரம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியும் விடிய விடிய ஒரு நாடகம் பிசகாமல் ஓடுகிறது என்றால், எல்லோர் நெஞ்சிலும் இருப்பது ஒரே பாடம் என்பதுதான் காரணம். 1867-இல் தூத்துக்குடி பக்கம் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் அந்தப் பாடத்துக்குப் போட்ட அடித்தளம் அவ்வளவு உறுதியானது. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களை உட்கார வைத்து மாதக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். இன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கும் கம்பெனி இல்லை. கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டவர்களே மேடையைத் தாங்குகிறார்கள்.

அதனால் ஒரு நாடகத்தை எடைபோடும்போது, ஒத்திகையே இல்லாமல் வருகிற செட்டை, அதாவது கலைஞர் குழுவை, வைத்து அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதை நல்லதா, பாட்டு இனிமையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வள்ளி திருமணத்திலிருந்தே தொடங்கலாம். கந்தபுராணத்தின் கடைசிப் படலமான வள்ளியம்மை திருமணப் படலம்தான் கதைக்கு மூலம். தினைப்புனம், ஆலோலம், வேடனாக வரும் முருகன், பிறகு கிழவனாக, பிறகு யானை, கடைசியில் கல்யாணம். இதில் புராணத்தில் சிறிதாக இருக்கிற நாரதர் பகுதியை மேடை பெரிதாக வளர்த்துவிட்டது. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் ஒரு மணி நேரம் போகலாம், இரண்டு மணி நேரமும் போகலாம். இல்லறமா துறவறமா, ஆணா பெண்ணா, பக்தியா அறிவா என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். எழுதி வைத்த வசனம் இதில் கொஞ்சம்தான். எதிராளி எடுத்த பாட்டுக்கு அந்த நிமிடமே பதில் பாட்டு எடுக்க வேண்டும், விருத்தத்தில் ஒரு கேள்வி வந்தால் விருத்தத்திலேயே மடக்க வேண்டும். அப்புறம் வேடன் வந்து வள்ளியிடம் வழி கேட்கிற இடத்தில் இன்னொரு தர்க்கம்.

இந்த நாடகத்தின் பெருமையும் அபாயமும் அந்தத் தர்க்கத்தில்தான் இருக்கிறது. நல்ல ஜோடி அமைந்தால் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக நின்று பாடிய காலத்தில் சனம் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தது. "காயாத கானகத்தே" என்று கிட்டப்பா எடுத்த பாட்டு, 1933-இல் அவர் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்த பிறகும் இன்றுவரை ஒவ்வொரு மேடையிலும் ஒலிக்கிறது. ராஜபார்ட்டு உள்ளே வந்து அந்தப் பாட்டை எடுக்கும்போது, அதுவரை டீக்கடையில் நின்றவர்கள்கூடக் கொட்டகைக்குள் வந்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயமும் இந்த நாடகத்துக்கே உரியது. கதை ரொம்ப நெகிழ்ச்சியானது, அந்தந்தக் காலத்துப் பேச்சை உள்ளே விட்டுக்கொள்ளும். சுதந்திரப் போராட்டக் காலத்தில் விசுவநாததாஸ் முருகனாக வந்து, வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடத்திலேயே "கொக்கு பறக்குதடி பாப்பா" என்று மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டை எடுப்பார். வெள்ளைக் கொக்கு யார் என்று கேட்பவர்களுக்கெல்லாம் புரியும், போலீசுக்கும் புரியும். பலமுறை கைதாகிச் சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. தணிக்கைக்கு மத்தியிலும் அரசியல் பேசிய மேடை இது. இப்போதும் ஒரு நல்ல நாரதர், தண்ணீர்ப் பிரச்சினையையும் குடியையும் பெண் படிப்பையும் அந்தத் தர்க்கத்துக்குள் இழுத்து வருவார், கேட்கிறவர்களுக்கு ஒட்டவில்லை என்று தோன்றாது.

ஆனால் ஜோடி சரியில்லை என்றால் வள்ளி திருமணம்போல் சோர்வு தருகிற நாடகமும் வேறில்லை. தாங்கிப் பிடிக்க உள்ளே கதை குறைவு. வள்ளிக்கு யாரும் கெடுதல் செய்யப்போவதில்லை, முடிவு கல்யாணம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தர்க்கம் தொய்ந்தால் சினிமாப் பாட்டு உள்ளே வருகிறது, அப்புறம் அன்பளிப்பு அறிவிப்பு, அப்புறம் இன்னொரு சினிமாப் பாட்டு. மூன்று மணிக்கு முன் வரிசையில் பிள்ளைகள் சுருண்டு கிடப்பார்கள். கமிட்டிக்காரர்கள் மட்டும் நாற்காலியில் கடமைக்கு உட்கார்ந்திருப்பார்கள். "நாடகம் இந்தக் காலத்துக்கு எடுபடல, அடுத்த வருஷம் ஆடல் பாடல் வச்சுருவோம்" என்ற பேச்சு அடுத்த நாள் காலையில் கிளம்புவது இப்படித்தான். தோற்றது அந்த ஜோடி, பழி விழுவது நாடகக் கலையின் மேல்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது அரிச்சந்திரா. நான் வைத்திருக்கும் அளவுகோலில் அதுதான் எல்லாவற்றிலும் உறுதியான நாடகம்.

கதையின் கட்டுமானத்தைப் பாருங்கள். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்குக்காக அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான், கடன் வசூலிக்க நட்சத்திரேசன் கூடவே வருகிறான், காசியில் மனைவியையும் மகனையும் விற்கிறான், தன்னையும் விற்றுக்கொண்டு சுடுகாடு காக்கிறான். தர்ப்பை அறுக்கப் போன மகன் லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது. நடுராத்திரியில் தனியாகப் பிணத்தைச் சுமந்து வருகிறாள் சந்திரமதி. கால்பணமும் முழத்துண்டும் வைத்தால்தான் எரிக்க விடுவேன் என்று வழிமறிக்கிறான் காவல்காரன். தன்னிடம் ஒன்றும் இல்லை என்கிறாள். கழுத்தில் கிடக்கும் தாலியை விற்றுக் கொண்டு வா என்கிறான். புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற தாலி அது. அந்த ஒரு வார்த்தையில் இருட்டில் நிற்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. உலகத்து நாடகங்களில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அடையாளம் காணும் இடங்கள் எத்தனையோ இருக்கலாம், இதைவிடச் சிறப்பாக அமைத்த ஒன்றை நான் கண்டதில்லை.

இந்தக் கட்டுமானம் நடுத்தரமான கலைஞர்களையும் தூக்கி நிறுத்திவிடும். சந்திரமதியின் புலம்பலைச் சுமாரான குரலில் பாடினாலும் கொட்டகை அழும், ஏனென்றால் அதற்குள் இரண்டு மணி நேரக் கதை அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. நன்றாகப் பாடுகிறவர் அமைந்தால் கேட்கவே வேண்டாம். இந்தச் சுடுகாட்டுப் பகுதியான மயான காண்டத்தைக் கேசட் காலத்தில் வீட்டுக்கு வீடு போட்டுக் கேட்டார்கள், பயணத்தில் பஸ்ஸிலும் கேட்டார்கள். காட்சியே இல்லாமல் காதால் மட்டும் கேட்டு மனிதர்கள் அழுத நாடகம் இது. ராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திர நாடகம் பார்த்துவிட்டு அதை மனதுக்குள் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்ததாகக் காந்தி தன் சரிதையில் எழுதியிருக்கிறார். அது குஜராத்து மேடை, மொழியும் வேறு. கதையின் பலம் ஒன்றே. எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடையேறிய முதல் வேடமும் லோகிதாசன்தான், திருச்சியில்.

சிரிப்புக்கு இடமில்லையே என்று சிலர் தயங்குவார்கள். இருக்கிறது. நட்சத்திரேசனும், சந்திரமதியை விலைக்கு வாங்கும் காலகண்டையரும் பபூனுக்கென்றே செய்து வைத்த வேடங்கள். வள்ளி திருமணத்தில் பபூன் காமெடி தொடக்கத்தில் தனியாக வந்து போய்விடுகிறது, எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அரிச்சந்திராவில் அப்படி முடியாது. கடன்காரன் கால் வலிக்கிறது, பசிக்கிறது என்று அரிச்சந்திரனைப் படுத்துகிற பாட்டுக்கு நாம் சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே அரிச்சந்திரன் படும் வேதனையையும் பார்க்கிறோம். பபூனின் முழுத் திறமையும் தெரிவது இங்கேதான். இரட்டை அர்த்த வசனத்தில் மட்டும் பெயர் வாங்கியவரை இதற்கு அமர்த்தாதீர்கள்.

அரிச்சந்திராவுக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியமான காரணம் மங்கலம். திருவிழாவில், சாமி கும்பிடுகிற நாளில், மேடையில் பிணமும் ஒப்பாரியும் சுடுகாடும் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இதை அற்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. விடியும் நேரத்தில் வள்ளிக்குத் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதில் ஒரு நிறைவு இருக்கிறது, அதற்காகவே தூக்கத்தை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரே ஒரு இரவு நாடகம் என்றால் இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குவேன். ஆனால் அரிச்சந்திரா மயானத்தோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மகன் எழுகிறான், நாடு திரும்புகிறது. பல மேடைகளில் ஒப்பாரியை நீட்டிவிட்டு அந்தக் கடைசிக் காட்சியை ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுவதால்தான் நாடகத்துக்கு இந்தப் பெயர் வந்தது. செட்டு சேர்க்கும்போதே "முடிவைக் குறைக்காதீங்க, மங்களத்தோட நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டால் பாதிக் குறை தீரும்.

இன்னொரு எச்சரிக்கை, இது கொஞ்சம் கனமானது. அரிச்சந்திரனை வாங்குகிற வீரவாகு வரும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசிச் சிரிப்பு வாங்கும் பழக்கம் சில மேடைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் எல்லோரும் வரி கொடுத்துப் போடுகிற நாடகத்தில், அதே ஊர்க்காரர்களில் ஒரு பகுதி தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை வரக்கூடாது. உண்மையில் வீரவாகு கதையில் நேர்மையான ஆள், வாங்கிய அடிமையைக் கொடுமை செய்யாதவன். அவனைக் கம்பீரமாக நடிக்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்வது கமிட்டியின் கடமை. நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேடையேறித் தடுப்பது யாருக்கும் அழகில்லை.

இப்போது நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இனிமேல் எந்த நாடகம் பிழைக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கப் போகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகம் இந்தக் கணக்குக்குள் அடங்குவதே இல்லை. பல இடங்களில் வழக்கம் என்பதால் கண்டுகொள்வதில்லை, சில இடங்களில் பன்னிரண்டு மணிக்கு வந்து மைக்கை அணைக்கச் சொல்கிறார்கள். காவல் நிலைய அனுமதியை வாங்கும்போதே எத்தனை மணி வரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எட்டு மணி நேர நாடகத்தை நான்கு மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? வள்ளி திருமணத்தைச் சுருக்கினால் தர்க்கத்தைத்தான் குறைக்க வேண்டும், தர்க்கம் போனால் உயிர் போச்சு. அரிச்சந்திராவிலோ மயான காண்டம் தனியாகவே நிற்கும். காசிக்கு வருவதில் தொடங்கி மயானம் வரை மட்டும் போட்டால்கூட மூன்றரை மணி நேரத்தில் ஒரு முழு நாடகம் பார்த்த திருப்தி கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த பத்து வருடத்தில் அரிச்சந்திராவின் மதிப்பு கூடும் என்று நம்புகிறேன்.

பவளக்கொடிக்கு வருவோம். ஆசையாகப் பார்க்க வேண்டிய நாடகம், ஆனால் செலவு கூடும். மதுரையை ஆண்ட அல்லி ராணியின் மகன் புலந்திரனுக்குப் பவளத்தேர் வேண்டும். அதைத் தேடிப் போன அர்ஜுனன் பவளக்காட்டில் பவளக்கொடியைக் கண்டு மயங்கிவிடுகிறான். மகாபாரதத்தில் இல்லாத, நம் பக்கத்து நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்த அர்ஜுனன் இவன். அல்லியும் பவளக்கொடியும் என்று இரண்டு வலுவான ஸ்திரீபார்ட்டு வேண்டும், இருவரும் மேடையில் ஒருவருக்கு ஒருவர் சளைக்காதவர்களாக இருக்க வேண்டும். கிருஷ்ணன் வேடத்துக்குப் பாட்டும் வேண்டும், வாய்ச்சாலகமும் வேண்டும். வள்ளி திருமணத்துக்கு ஆகிற சம்பளத்துக்கு மேலே இன்னொரு முன்னணி நடிகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஈடாகக் கிடைப்பது பாட்டு. காதல் பாட்டும் ஊடல் பாட்டும் வண்டிவண்டியாக இருக்கிற நாடகம். பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் செட்டிநாட்டுப் பக்கம் இதை மேடையில் நடித்ததைப் பார்த்துத்தான் 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் அது படமானது. பாகவதரின் முதல் படம் அதுதான், ஏறக்குறைய ஐம்பது பாட்டு. சினிமாவுக்குத் தலைமுறைக் கதாநாயகனைக் கொடுத்த நாடகம் இன்றைக்கு ஊர் மேடைகளில் எப்போதாவதுதான் தலை காட்டுகிறது என்பது எனக்கு வருத்தம். கல்யாணத்தில் முடிகிற கதை, ஒப்பாரி இல்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும். மங்கலமும் வேண்டும், வள்ளி திருமணம் அலுத்துவிட்டது என்கிற ஊர், கையில் பணம் இருந்தால், யோசிக்காமல் இதை எடுக்கலாம். ஒரு நிபந்தனை: பவளக்கொடியை அண்மையில் நடித்தவர்களாகப் பார்த்து அமர்த்துங்கள். பாடம் மறந்த நடிகர்கள் இந்தக் கதையை இரண்டாம் ஜாமத்தில் எங்கோ கொண்டு போய் விட்டுவிடுவார்கள், மீட்டு வர வள்ளி திருமணம்போல் எல்லோருக்கும் தெரிந்த தடமும் கிடையாது.

சத்தியவான் சாவித்திரியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எமனும் சாவித்திரியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி ஒன்றுதான் நாடகம், மற்றதெல்லாம் அதற்கான முன்னுரை. சங்கரதாஸ் சுவாமிகளே எமதர்மனாக வேடம் கட்டிப் பெயர் வாங்கியவர். வள்ளியும் நாரதரும் வாதாடுவது புத்திக்கூர்மையைக் காட்ட. சாவித்திரி வாதாடுவது புருஷன் உயிருக்காக. அதனால் இங்கே தர்க்கத்துக்கு எடை அதிகம். மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது காரடையான் நோன்பு வருகிறது என்பதால் பங்குனித் திருவிழாவுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். எமன் வேடத்துக்கு நல்ல கனத்த குரல் கிடைத்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

நல்லதங்காளை நான் மேடைக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். பஞ்சத்தில் பிறந்த வீட்டை நம்பி வந்தவள், அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்க, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிற கதை. வத்திராயிருப்பு அருகே அருச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பசியை இவ்வளவு நேராகச் சொன்ன நாடகம் வேறு இல்லை. கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக மேடையேறியது இதில் நல்லதங்காளின் மூத்த பிள்ளையாக, "பசிக்குதே வயிறு பசிக்குதே" என்று பாடிக்கொண்டு. அந்தப் பாட்டைக் கேட்டுக் கலங்காத தாய் இருக்க மாட்டாள். ஆனால் பிள்ளைகளோடு கிணற்றில் விழும் செய்தி இன்றும் நாளிதழில் வருகிற நாட்டில், திருவிழாக் கூட்டத்தில் யார் எந்த மனநிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அரங்கத்தில், விவரமாக முன்னுரை சொல்லி, பார்க்க வந்தவர்களுக்காக மட்டும் போட வேண்டிய நாடகம் என்பது என் கருத்து.

கோவலன், அல்லி அர்ஜுனா, இரண்டும் ஆள் கிடைத்தால் நல்லதே. மாதா கோயில் திருவிழா நடக்கும் ஊர் என்றால் ஞானசௌந்தரி என்று ஒரு நாடகம் இருப்பதை மறந்துவிடாதீர்கள். சுவாமிகள் கிறிஸ்தவக் கதை ஒன்றையும் இதே பாணியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி ஆடல் பாடல், இன்னிசைக் கச்சேரி. இளைஞர்கள் கேட்கிறார்கள் என்பது உண்மை, அவர்கள் வரியும் விழாவில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஆடல் பாடலுக்கு அனுமதி வாங்குவதே ஒரு தனி வேலையாகிவிட்டது. மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் வரை போய் நிபந்தனைகளோடு அனுமதி வாங்குகிற ஊர்கள் பல. கச்சேரிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் கேட்கிற பாட்டு எல்லாம் அடுத்த நாளும் கைப்பேசியில் கேட்கக் கிடைக்கும். நாரதர் மடக்கிய மடக்கு அந்த இரவோடு சரி, அடுத்த ஊரில் வேறு மாதிரி வரும்.

என்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். ஒரே இரவு என்றால் முதலில் ஜோடியைத் தேடுங்கள், நாடகத்தை அப்புறம் முடிவு செய்யுங்கள். தர்க்கத்தில் பெயர் எடுத்த நாரதரும் வள்ளியும் ஒரே தேதியில் கிடைத்தால் வள்ளி திருமணம். கிடைக்காவிட்டால் சுமாரான செட்டை வைத்து அதையே போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் அரிச்சந்திராவுக்குப் போங்கள். இரண்டு இரவு என்றால் முதல் இரவு அரிச்சந்திரா, இரண்டாம் இரவு வள்ளி திருமணம். வரிசை முக்கியம். முதல் நாள் அழுத ஊர் மறுநாள் விடியலில் கல்யாணம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். பெரியவர்களின் மங்கலக் கவலையும் இதில் தீர்ந்துவிடும். இப்போது பல ஊர்கள் நாடகம் ஒரு நாள், கச்சேரி ஒரு நாள் என்று வைத்திருக்கின்றன. அந்தக் கச்சேரி நாளை ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், அரிச்சந்திராவுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அமர்த்தும்போது சில விஷயங்களை நேராகக் கேட்டுவிடுங்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எந்தக் கட்டையில் (சுருதியில்) பாடுவார்கள் என்பதை இருவரிடமும் கேளுங்கள். ஒருவர் ஐந்து கட்டை, இன்னொருவர் அதைத் தொட முடியாதவர் என்றால் ஜோடிப் பாட்டு முழுக்க ஒருவர் கத்துவார், இன்னொருவர் முனகுவார். ஆர்மோனியக்காரரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒத்திகை இல்லாத மேடையில் யார் எந்தப் பாட்டுக்குப் போகிறார்கள் என்று முன்கூட்டியே உணர்ந்து பின்பாட்டுப் பாடி இழுத்துச் செல்கிறவர் அவர்தான். அரிச்சந்திராவுக்கு லோகிதாசன் வேடத்துக்குச் சிறுவனோ சிறுமியோ யார் என்று நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே உறுதி செய்யுங்கள், கடைசி நேரத்தில் வளர்ந்த ஆளுக்கு அரைக்கால் சட்டை போட்டு ஏற்றினால் மயான காண்டமே கலைந்துவிடும். அன்பளிப்பு அறிவிப்பைக் காட்சி மாறும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சந்திரமதி பிணத்தோடு நிற்கும்போது மைக்கில் ஐநூறு ரூபாய்க்கு நன்றி சொல்வது கலைஞருக்குச் செய்கிற அவமரியாதை.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று நடிகர் சங்கங்கள் இருக்கிற ஊர்களுக்கு மாசி முடிவதற்குள் நேரில் போய்விடுவது நல்லது. பங்குனி, சித்திரையில் நல்ல நாரதருக்கு ஒரு இரவுகூடக் காலி இருக்காது. தேர்தல் வருகிற வருடம் என்றால் அனுமதி விஷயத்தை முதலில் முடித்துக்கொண்டு முன்பணம் கொடுங்கள், நாடகம் ரத்தானால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் இருக்கப்போகிற குடும்பங்கள் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கின்றன. போகும்போது "வள்ளி திருமணம் செட்டு வேணும்" என்று தொடங்காமல், "அரிச்சந்திரா நல்லா பண்றவங்க யாரு?" என்று கேட்டுப் பாருங்கள்.